கடைசி இடத்து ஜோடி: உள்ளூர் பிரிட்ஜ் போட்டியும் புதியவர்களும்

போட்டி முடிந்த மறுநாள் சங்கத்தின் செயற்குழுவில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. எத்தனை ஜோடி வந்தது, யார் ஜெயித்தது, கையில் எவ்வளவு மிச்சம். நான்காவதாக ஒன்றையும் கேட்கச் சொல்வேன்: கடைசி இடத்தில் வந்த ஜோடி அடுத்த மாதம் வருமா? கோப்பை வாங்கியவர்களை யாரும் கூப்பிட வேண்டியதில்லை, தடுத்தாலும் வருவார்கள். 38 சதவீதம் வாங்கிவிட்டு, எதிராளியின் முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிளம்பிப் போன அந்த இருவரை வைத்துத்தான் சங்கம் இன்னும் பத்து வருடம் இருக்குமா என்பது தெரியும்.

பெரிய நகரத்துச் சங்கங்கள் போட்டிக்கு ஒரு குழு, புதியவர்களைச் சேர்க்க ஒரு குழு என்று வைத்துக்கொள்ளலாம். ஏழெட்டு டேபிள் ஓடுகிற மாவட்டத் தலைநகரில் அது வீண் வேலை. அங்கே போட்டி நடக்கிற ஹால்தான் விளம்பரம். அதனால் இந்த அத்தியாயத்தில் இரண்டையும் பிரிக்காமலே சொல்கிறேன்.

நாளும் இடமும்

தேதி குறிக்கும் முன் தினசரி காலண்டரைப் பாருங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் விழுந்தால் உங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நடக்கும் வாரங்களில் பெற்றோர் வரமாட்டார்கள். இதற்கெல்லாம் பயந்து தேதியை மாதாமாதம் மாற்றுவது அதைவிடக் கெடுதல். ‘மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மதியம் 2 மணி’ என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டு, வருடத்தில் இரண்டு மாதம் கூட்டம் குறைந்தாலும் விடாமல் நடத்துங்கள்.

இடம்தான் சிக்கல். நம் ஊர்களில் பிரிட்ஜ் வளர்ந்தது ரிக்ரியேஷன் கிளப்புகளின் சீட்டாட்ட அறைகளில். அந்த அறைக்கு ஒரு பக்கம் ரம்மி மேசை, இன்னொரு பக்கம் பார். உள்ளே இருப்பவர்களுக்கு எது எது என்று தெரியும். வாசலில் நின்று மகளை இறக்கிவிடுகிற அப்பாவுக்கு எல்லாம் ஒன்றுதான். உடை விதி வேறு. வேட்டி கட்டியவரை உள்ளே விடாத கிளப்புகளைப் பற்றிப் பெரிய பேச்சு எழுந்து, 2014-ல் தமிழ்நாடு சட்டமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஆனாலும் வாசல் காவலாளியின் பார்வை ஒன்றே போதும், புதிதாக வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். மூத்த உறுப்பினர்களின் வாராந்திர ஆட்டம் கிளப்பிலேயே நடக்கட்டும். மாதப் போட்டியைப் பள்ளிக்கூட ஹாலிலோ, நூலகக் கூடத்திலோ, சின்னக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். வாடகை கொடுக்க வேண்டியிருக்கும், கொடுங்கள்.

ஹாலைப் பார்க்கப் போகும்போது ஒரு சீட்டுக்கட்டை எடுத்துப் போங்கள். மேசையில் பதின்மூன்று சீட்டை டம்மி மாதிரி விரித்து வைத்து, மேலே இருக்கும் ஃபேனை முழு வேகத்தில் ஓட விடுங்கள். பறந்தால் அந்த மேசையை நகர்த்த வேண்டும் என்று அர்த்தம். மே மாதத்தில் ஃபேனை நிறுத்தி வைத்து ஆடச் சொல்ல முடியாது. மேசை மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். பழைய போர்வையை மடித்து இழுத்துக் கட்டினால் சீட்டு வழுக்காது, எடுக்கவும் வரும். பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழாத அளவுக்கு இடைவெளி விடுங்கள். ‘நாலு ஸ்பேடு அடிச்சிருக்கலாம்’ என்று ஒருவர் பெருமூச்சு விட்டால், அந்த போர்டை இன்னும் ஆடாத மேசைக்கு அது இலவசத் தகவல்.

மேசைகளில் நார்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட் என்று காகிதம் ஒட்டும்போது எல்லா மேசைக்கும் ஒரே திசையாக ஒட்டுங்கள். அது உண்மையான வடக்காக இருக்க வேண்டிய அவசியமில்லை. வாஸ்து பார்க்கிற உறுப்பினர் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். அவர் மனம் கோணாமலிருக்க வேண்டுமானால் அப்படியே ஒட்டிவிடுங்கள், காசா பணமா.

யார் எங்கே நகர்வது

ஜோடிகள் போட்டிக்கு நம் ஊர் அளவில் மிட்செல் முறையே போதும். நார்த்-சவுத் ஜோடிகள் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள். ஈஸ்ட்-வெஸ்ட் ஜோடிகள் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அடுத்த எண் மேசைக்கு ஏறுவார்கள். போர்டுகள் முந்தைய எண் மேசைக்கு இறங்கும். முழங்கால் வலி இருப்பவர்களை நார்த்-சவுத்தில் உட்கார வையுங்கள், கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

ஏழு மேசை என்றால் அதிர்ஷ்டம். சுற்றுக்கு 4 போர்டு, ஏழு சுற்று, மொத்தம் 28 போர்டு. எல்லோரும் எல்லா போர்டும் ஆடிவிடுவார்கள். ஒன்பது மேசைக்கு மூன்று மூன்றாக 27. மேசை எண்ணிக்கை இரட்டைப்படையானால்தான் கோளாறு. எட்டு மேசையில் இதே மாதிரி நகர்ந்தால் நாலாவது சுற்று முடிந்ததும் ஈஸ்ட்-வெஸ்ட் ஜோடிகள் தாங்கள் ஏற்கெனவே ஆடிய போர்டுகளின் முன்னால் போய் உட்காருவார்கள். அதனால் நாலாவது சுற்றுக்குப் பிறகு ஒரே ஒரு முறை ஒரு மேசையைத் தாண்டி ஏறச் சொல்ல வேண்டும். ஏழு சுற்றோடு முடித்துக்கொள்ளலாம். 32 போர்டு மேசைகளில் இருக்கும், ஒவ்வொருவரும் 28 ஆடுவார்கள். அந்தத் தாண்டலை வாயால் அறிவித்தால் போதாது. ஐந்தாவது சுற்று ஆரம்பிக்கும்போது டைரக்டர் ஒவ்வொரு மேசையாகப் போய் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைச் சேமித்தால் கடைசியில் ஒரு மணி நேரம் போகும்.

நாலு மேசைதான் தேறியது என்றால் ஹவெல் முறைக்குப் போங்கள். எட்டு ஜோடி, ஏழு சுற்று, எல்லோரும் எல்லோரையும் சந்திப்பார்கள், ஒரே ஒரு வெற்றி ஜோடி. ஆனால் அதில் நகர்வு தாறுமாறாக இருக்கும், மேசைக்கு மேசை வழிகாட்டி அட்டை ஒட்டாமல் ஆரம்பிக்கவே கூடாது.

ஒற்றைப்படை ஜோடிகள் வரும் நாள் நிச்சயம் உண்டு. பதினைந்து ஜோடி என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஜோடி அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். இதற்கு மருந்து, சங்கச் செயலாளரும் இன்னொருவரும் காத்திருப்பு ஜோடியாக இருப்பது. தேவைப்பட்டால் ஆடுவார்கள், பதினாறாவது ஜோடி கடைசி நிமிடத்தில் ஓடி வந்தால் எழுந்து இடம் கொடுப்பார்கள். இந்த வேலைக்குப் பெரிய ஆட்டக்காரர்கள் வேண்டாம், தலைக்கனம் இல்லாதவர்கள் வேண்டும். அவர்களும் கிடைக்காத நாளில், முதல் சுற்றின் ஓய்வு புதியவர்களுக்குப் போகாமலாவது பார்த்துக்கொள்ளுங்கள். பதற்றத்தோடு வந்தவரை ஆரம்பத்திலேயே அரை மணி நேரம் தனியாக உட்கார வைத்தால் அவர் மொபைலை எடுத்துவிடுவார், அதோடு ஆள் போச்சு.

நேரக் கணக்கு போர்டுக்கு ஏழரை நிமிடம். நாலு போர்டு சுற்றுக்கு அரை மணி, ஏழு சுற்றுக்கு மூன்றரை மணி. நடுவில் டீக்குப் பதினைந்து நிமிடம். இரண்டுக்கு ஆரம்பித்தால் ஆறுக்குள் பரிசு கொடுத்து அனுப்பிவிடலாம், பெண்களும் மாணவர்களும் இருட்டும் முன் வீடு போய்ச் சேரலாம். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு கடிகாரம் வையுங்கள். மெதுவாக ஆடுகிற மேசையில் நாலாவது போர்டை ஆரம்பிக்கவே விடாமல் எடுத்துக்கொள்ளும் உரிமை டைரக்டருக்கு உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சீட்டு கலைக்கிற வேலை

போர்டுகளை முந்தின நாளே தயார் செய்து வைப்பது நல்லது. டூப்ளிமேட் போன்ற இயந்திரம் வாங்க வசதியில்லாத சங்கம், கணினியில் எடுத்த கைகளை அச்சடித்து, நாலு பேர் உட்கார்ந்து அதன்படி சீட்டை அடுக்கலாம். இரண்டு மணி நேர வேலை. இந்த வேலையைச் செய்தவர் மறுநாள் போட்டியில் ஆடக் கூடாது.

‘கம்ப்யூட்டர் கை எல்லாம் கோணல் கை’ என்று ஒரு மூத்தவர் சொல்வார். அவர் பழகியது வீட்டுக் கலைப்பு. கட்டை இடது கையில் வைத்து வலது கையால் கொத்துக் கொத்தாக மாற்றுகிற அந்தக் கலைப்பில், போன ஆட்டத்தின் பிடிகள் நாலு நாலாக ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் கைகள் சமமாக விழும். கட்டை இரண்டாகப் பிரித்து விரல் நுனியில் சரசரவென்று கலந்தால், ஏழு தடவை கலந்தபின்தான் சீட்டு ஒழுங்காகக் கலையும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-ல் காட்டினார்கள். ஒழுங்காகக் கலைந்த கட்டில், ஒரு கையில் சிங்கிள்டனோ வாய்டோ இருப்பதற்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலேயே வாய்ப்பு உண்டு. இந்தக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள். மூத்தவர் நம்பமாட்டார், ஆனாலும் ஒட்டுங்கள்.

புதியவர்களுக்கு முதல் நாளே பழக்க வேண்டியது, போர்டிலிருந்து கையை எடுத்ததும் முகம் பார்க்காமல் பதின்மூன்று எண்ணுவது. விதிப் புத்தகத்தின் ஏழாவது விதி அது. யாராவது எண்ணாமல் எடுத்து, சீட்டு பன்னிரண்டாகவும் பதினான்காகவும் மாறிப்போன போர்டு மூன்று மேசை தாண்டிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டால், அதைச் சரிசெய்வதில் டைரக்டரின் மாலை முழுவதும் கரைந்துவிடும்.

மேசையில் டைரக்டர்

சங்கத்தில் விதி நன்றாகத் தெரிந்தவரும், குரலை உயர்த்தாதவரும் ஒரே ஆளாக இருப்பது அபூர்வம். ஒருவரைத்தான் எடுக்க முடியும் என்றால் இரண்டாமவரை எடுங்கள். விதியைப் புத்தகம் பார்த்துப் படிக்கலாம், தவறில்லை. உலகப் போட்டிகளிலும் டைரக்டர் புத்தகத்தோடுதான் வருகிறார்.

அடிக்கடி நடக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சவுத் நாலு ஹார்ட் ஆடுகிறார். வெஸ்ட் முதல் சீட்டு போட வேண்டும். கல்லூரியில் படிக்கிற பெண் ஈஸ்டில் உட்கார்ந்து, முந்திக்கொண்டு ஸ்பேடு ராஜாவை முகம் தெரியப் போட்டுவிடுகிறார். சவுத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிகாரி, ‘யார் லீடுன்னுகூடத் தெரியாம எதுக்கு வரீங்க’ என்கிறார். டைரக்டர் வந்து முதலில் பேச வேண்டியது அந்தப் பெண்ணிடம்.

“பரவாயில்லம்மா, வாராவாரம் யாராவது ஒருத்தர் பண்றதுதான். சார், உங்களுக்கு இப்ப அஞ்சு வழி இருக்கு. அஞ்சையும் சொல்லி முடிச்சிடறேன், அப்புறம் முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் யாரும் சீட்டைத் தொட வேண்டாம்.”

அந்த ஐந்து: சவுத் தன் கையை விரித்து டம்மியாகி, நார்த்தை ஆட விடலாம். அல்லது லீடை ஏற்றுக்கொண்டு, நார்த் கை விரிந்ததும் அடுத்த சீட்டைத் தன் கையிலிருந்து போடலாம். அல்லது வெஸ்ட் ஸ்பேடுதான் போட வேண்டும் என்று கேட்கலாம். ஸ்பேடு போடக் கூடாது என்றும் கேட்கலாம். இந்த இரண்டிலும் ராஜா ஈஸ்ட் கைக்குத் திரும்பிவிடும். கடைசியாக, வெஸ்ட் எதை வேண்டுமானாலும் போடட்டும் என்று விட்டால், ராஜா மேசை மேலேயே பெனால்டி சீட்டாகக் கிடக்கும். ஐந்தையும் சொல்லாமல் ‘ஏத்துக்கறீங்களா, இல்லையா?’ என்று மட்டும் கேட்கிற டைரக்டர் பாதி வேலையைத்தான் செய்கிறார்.

தீர்ப்பு முடிந்த பிறகு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒன்று சொல்லலாம்: முதல் சீட்டை எப்போதும் கவிழ்த்துப் போடுங்கள். பார்ட்னர் ‘சரி’ என்றதும் திருப்புங்கள். முறை மாறியிருந்தால் கவிழ்ந்த சீட்டை டைரக்டர் சொல்லிக் கையில் எடுத்துக்கொள்ளலாம், தண்டனை எதுவும் இல்லை. விதியும் கவிழ்த்துத்தான் போடச் சொல்கிறது. மூத்தவர்கள்தான் அலட்சியமாகத் திருப்பிப் போட்டுக் கெட்ட பழக்கம் காட்டுகிறார்கள்.

அந்த அதிகாரி சொன்ன வாக்கியத்துக்கும் பதில் வேண்டும். விதிப் புத்தகத்தின் 74-ஆம் விதி, மேசையில் உள்ளவர்களைச் சங்கடப்படுத்தும் பேச்சைத் தவிர்க்கச் சொல்கிறது. 91-ஆம் விதி, ஒழுங்கைக் காக்கப் புள்ளி வெட்டவும் அன்றைய ஆட்டத்திலிருந்து நிறுத்திவைக்கவும் டைரக்டருக்கு அதிகாரம் தருகிறது. முதல் முறை தனியாகக் கூப்பிட்டு எச்சரிக்கை, இரண்டாம் முறை ஒரு போர்டு மதிப்பெண்ணில் கால் பங்கு வெட்டு என்று சங்கத் தீர்மானமாகவே எழுதி ஒட்டிவிடுங்கள். பிறகு முதல் வெட்டு சங்கத் தலைவருக்கு விழுந்தால் மிக நல்லது. ஊர் முழுக்க அந்தச் செய்தி போய்விடும்.

தீர்ப்பில் திருப்தி இல்லாதவர் முறையிடலாம். அதிகாரப்பூர்வ மதிப்பெண் வெளியான பிறகு 30 நிமிடம் என்பது 92-ஆம் விதி. போட்டி நடத்துபவர் வேறு நேரம் குறிக்கவும் அதில் இடமுண்டு. ஆறு மணிக்கு ஹாலைக் காலி செய்ய வேண்டியிருந்தால் 15 நிமிடம் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

மதிப்பெண்ணைப் புரியவைப்பது

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த யாருக்கும் 35 என்றால் பாஸ், 60 என்றால் சுமார், 90-க்கு மேல் போனால்தான் மரியாதை. அந்தக் கண்ணோடு பிரிட்ஜ் முடிவுப் பட்டியலைப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். முதல் பரிசு வாங்கியவருக்கே 61 சதவீதம்தானா என்று கேட்பார்கள். தன்னுடைய 43-ஐப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். 50 என்பது நடுவில் நிற்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே சொல்லுங்கள்.

பலகையில் ஒரு போர்டை எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. ஏழு மேசை. ஒரு நார்த் மூன்று நோ-ட்ரம்ப் ஆடி ஒரு பிடி கூடுதலாக எடுத்து 430. ஐந்து மேசையில் நாலு ஸ்பேடு சரியாக ஆடி 420. ஒரு மேசையில் ஒரு பிடி குறைந்து எதிராளிக்கு 50. தோற்கடித்த ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு, சமமாக வந்த மேசைக்கு ஒன்று. 430-க்கு 12, 420-கள் ஒவ்வொன்றுக்கும் 6, கடைசியாருக்கு 0. வெறும் பத்துப் புள்ளி வித்தியாசம் ஆறிலிருந்து பன்னிரண்டுக்குத் தூக்கிவிட்டது. இதே போர்டு டீம் போட்டியில் ஐஎம்பி கணக்கில் வந்திருந்தால் அந்தப் பத்துக்குப் பூஜ்யம்தான். இதைப் பார்த்தபின் புதியவர் தன் பட்டியலில் தனக்குக் கிடைத்த ஒரு 12-ஐத் தேட ஆரம்பிப்பார். 28 போர்டில் ஒன்றாவது இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்குப் போவார்.

காகித ஸ்லிப்பில் மதிப்பெண் எழுதும் சங்கங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 620-ஐ நார்த்-சவுத் பத்தியில் எழுதுவதற்குப் பதில் ஈஸ்ட்-வெஸ்ட் பத்தியில் எழுதிவிடுவதுதான் மிகச் சாதாரணமான பிழை. நார்த் எழுதியதை ஈஸ்ட் பார்த்துத் தலையசைக்காமல் ஸ்லிப்பை மடிக்கக் கூடாது.

பணமும் பரிசும்

நுழைவுக் கட்டணத்துக்கு ரசீது, பரிசு விவரம் முன்கூட்டியே அறிவிப்பில். மேசையில் ஆட்டக்காரர்களுக்குள் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. சும்மா பந்தயம், டீ பந்தயம் எதுவும் வேண்டாம். பரிசுப் பணத்தை முதல் மூன்று ஜோடிக்கே கொட்டாதீர்கள். ஒரு வருடத்துக்குள் சேர்ந்தவர்களில் முதல் ஜோடி, சேர்த்து 120 வயதைத் தாண்டிய ஜோடி, அன்றைய ஒரு குறிப்பிட்ட போர்டை மிக நன்றாக ஆடியவர் என்று பரப்பிக் கொடுங்கள். பரிசு புத்தகமாகவோ சீட்டுக்கட்டாகவோ இருக்கட்டும். ஷீல்டு வேண்டாம், வீட்டில் வைக்க இடமில்லை.

சீட்டு என்றால் சூதுதானே?

ஊருக்குள் போனால் முதல் கேள்வி இதுதான். கோபப்படாமல் பதில் சொல்லப் பழகுங்கள். 1967-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திரப் பிரதேசம் எதிர் சத்யநாராயணா என்ற ரம்மி வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ரம்மியில் இருக்கும் அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது இருக்கும் அதிர்ஷ்டத்தைப் போன்றதுதான் என்றது. அதாவது, திறமையாட்டத்துக்கு உரைகல்லாக எடுத்துக்கொண்டதே பிரிட்ஜைத்தான். டூப்ளிகேட்டில் எல்லா மேசைக்கும் அதே சீட்டு போவதால் அந்தக் கொஞ்ச அதிர்ஷ்டமும் பெருமளவு போய்விடுகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-ல் அங்கீகரித்த விளையாட்டு. 2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்ந்தபோது, கொல்கத்தாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடியில் தங்கம் வாங்கினார்கள். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. அடுத்த ஆசிய விளையாட்டில், ஹாங்சோவில், ஆண்கள் அணிக்கு வெள்ளி. ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டு வயதைச் சொல்லிப் பாருங்கள், பின்வரிசையிலிருந்து நாலு பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆனால் வாதம் பேசி ஆள் சேர்ப்பதைவிட, ஏற்கெனவே பிடி ஆட்டம் ஆடுகிறவர்களைத் தேடிப் போவது சுலபம். 304 ஆடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கேரள எல்லையோரம் 28 ஆடுகிறவர்கள். துருப்பு, வெட்டு, எதிரே உட்கார்ந்த கூட்டாளி, ஏலம் கேட்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்தது. கோயில் மண்டபத்திலும் தொழிற்சங்க அலுவலகத்தின் மாடியிலும் துண்டை விரித்து ஆடிக்கொண்டிருப்பவருக்கு பிரிட்ஜ் கற்றுக்கொடுக்க ஒரு மாலை போதும், ஒரே ஒரு தடங்கலைத் தவிர. 304-ல் ஜாக்கிதான் பெரிய சீட்டு. அது 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. நாலு நிறமும் சேர்ந்து 304. இப்படிப் பழகியவர் பிரிட்ஜில் கையில் ஜாக்கி வந்ததும் முகம் மலர்வார். மூன்று வாரம் மலர்வார். கேலி செய்யாமல், ஆஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1, மொத்தம் 40 என்று ஒரு அட்டையில் எழுதி மேசையில் சாய்த்து வைத்துவிடுங்கள்.

பாடத்தை ஏலத்தில் ஆரம்பிக்காதீர்கள். மினிபிரிட்ஜ் என்று ஒரு வழி இருக்கிறது. நாலு பேரும் தங்கள் புள்ளியைச் சொல்வார்கள். அதிகப் புள்ளி உள்ள பக்கம் ஆடும், அந்தப் பக்கத்தில் அதிகம் உள்ளவர் டிக்ளேரர். கூட்டாளி கையை விரித்த பிறகு துருப்பு எது, எவ்வளவு எடுப்பேன் என்று அவர் சொல்வார். இருபதுக்கு இருபது வந்தால் மறுபடி போடுங்கள். நாலு வாரம் இதையே ஆடட்டும். ஐந்தாவது வாரம் ஏலம், ஒரே பக்கத்தில் அடங்குகிற முறை. எந்த முறை என்று மூத்தவர்கள் சண்டை போடுவார்கள். அக்கோலா, பிரிசிஷனா, ஐந்து சீட்டு மேஜரா என்பது ஆறாவது மாதம் பேச வேண்டிய விஷயம்.

தனியாக வருகிறவரை மறந்துவிடாதீர்கள். சதுரங்கத்துக்கு ஒருவர் போதும், இதற்குக் கூட்டாளி வேண்டும். ‘யாரையாவது கூட்டிட்டு வாங்க’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் திரும்ப வருவதில்லை. வாசலருகே ஒரு மேசையில் கூட்டாளி சேர்த்துவிடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். மாதம் ஒருமுறை மூத்தவர் ஒருவர், புதியவர் ஒருவர் என்று ஜோடி சேர்த்து ஒரு போட்டி வையுங்கள். நிபந்தனை ஒன்று: மூத்தவர் ஆட்டத்தின் நடுவில் பாடம் எடுக்கக் கூடாது. மூன்று போர்டு எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு டீ நேரத்தில் பேசலாம். மூன்றுக்கு மேல் கூடாது.

போட்டி நடந்த மறுநாள், திங்கள் மாலை, பட்டியலைக் கீழிருந்து மேலாக வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். ‘எப்படி இருந்தது’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு சார்’ என்றுதான் பதில் வரும். ‘பதினேழாவது போர்டுல நீங்க அஞ்சு டைமன் ஆடினீங்களே, என்ன ஆச்சு’ என்று கேளுங்கள். பத்து நிமிடம் பேசுவார்.

பள்ளிகளுக்குப் போவதைப் பற்றிக் கடைசியாக. 2022-ல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்த மாநிலம் இது. ஊருக்கு ஊர் சிறுவர் சதுரங்கப் போட்டி நடக்கிறது, ஒவ்வொன்றிலும் நூறு பெற்றோர் வராந்தாவில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். போட்டி அமைப்பாளரிடம் அனுமதி வாங்கி, அந்த வராந்தாவில் இரண்டு மினிபிரிட்ஜ் மேசை போடுங்கள். பிள்ளைகளைவிட அம்மாக்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். அவர்கள் சம்மதித்த பிறகு பள்ளிக்குள் போவது எளிது, தலைமை ஆசிரியரிடம் நீங்கள் பேச வேண்டியதில்லை, அவர்களே பேசுவார்கள். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. ஒருவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், அதாவது மூன்று மேசை. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். கோடை விடுமுறையில் மே முதல் வாரம் ஆரம்பித்தால் அந்த மாதக் கடைசி ஞாயிறு மூன்று மேசை ஹவெல் நடத்தலாம். ஆறு ஜோடி, ஐந்து சுற்று, சுற்றுக்கு இரண்டு போர்டு, ஒன்றரை மணி நேரம். தேதியைப் பள்ளி திறந்த பிறகு தள்ளிப் போடாதீர்கள். டியூஷன் ஆரம்பித்துவிட்டால் பிள்ளைகள் கிடைக்கமாட்டார்கள்.